ஆயில் நாற்பதுக்கு வரட்டும்

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டியவர்கள் நாம். இப்போது காதோரம் நரைத்து, எழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். நம் செட்டு ஆட்கள் நாலு பேர் கூடினால் அந்தக் காலத்து கேம்களைப் பற்றிப் பேச்சு வரும். எல்லோருக்கும் முகம் மலரும். நான் மட்டும் பேச்சை மாற்றப் பார்ப்பேன். ஏன் என்று யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கரிக்கலாம்பாக்கத்தை ஒட்டி இருந்தது. பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பெரியப்பா மகனை நான் அண்ணன் என்பேன். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்குக் காலை ஷிப்ட்டு போய்விட்டு நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவான். அங்கே இங்கே கிடைத்த பழைய பாகங்களைச் சேர்த்து அவனே ஒரு கம்ப்யூட்டர் பூட்டி வைத்திருந்தான். மானிட்டரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கேபினெட்டுக்கு ஒரு பக்கத்து மூடியே கிடையாது. சூடாகிவிடும் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிடுவான், நாங்கள் வியர்த்து வழிவோம். அறை முழுக்கச் சுட்ட பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் ஏதாவது ஒரு சார்ஜர் சூடானால் அந்த வாசனை வருகிறது, கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது.

கம்பெனியில் யாரோ கொடுத்த சிடியில் ஒரு போர் விமான கேம் இருந்தது. உலகப் போர்க் காலத்து விமானங்கள், மூக்கில் காற்றாடி சுழலும். மற்ற பையன்கள் என்றால் ஏறி உட்கார்ந்ததும் சுடப் போய்விடுவார்கள். அண்ணனுக்குச் சண்டையைவிட இன்ஜின்மேல்தான் கிறுக்கு. செட்டிங்கில் ஓர் இடத்தில் டிக் போட்டால் இன்ஜினைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அண்ணன் அந்த டிக்கை எடுத்துவிடுவான்.

"அது சோம்பேறிங்க வெக்கிறது. நெஜமான பைலட்டு எல்லாத்தையும் அவனேதாண்டி பாத்துக்குவான்" என்பான்.

நிஜமான பைலட்டுக்கு எத்தனை கையோ, அண்ணனுக்கு இரண்டுதான். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு எதிரியையும் பார்த்துக்கொண்டு, கீபோர்டில் இன்ஜினையும் கவனிக்க அவனால் முடியவில்லை. அதனால் என்னைப் பக்கத்தில் குந்த வைத்தான். ஓட்டுவது அவன், இன்ஜின் நான். எந்தக் கீ எதற்கு என்று ஒரு நோட்டுத் தாளில் எழுதி, சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டிக் கொடுத்தான். பெட்ரோலும் காற்றும் கலக்கிற அளவுக்கு ஒரு கீ, காற்றாடி இறக்கையின் சாய்வுக்கு இரண்டு, ரேடியேட்டர் கதவைத் திறக்க ஒன்று, மூட ஒன்று. திரையில் ஆயில் சூடு, தண்ணீர்ச் சூடு என்று இரண்டு முள். அந்த இரண்டு முள்ளையும் விட்டு நான் கண்ணை எடுக்கக் கூடாது.

அவன் கத்துவது பக்கத்து வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்கும். ஒரு நாள் "மிக்சர கம்மி பண்ணுடி, கம்மி பண்ணு!" என்று அலறினான். கலவையைத்தான் சொன்னான். அம்மா சமையலறையிலிருந்தே, "நான் எங்கடா மிக்சர் குடுத்தேன் கம்மி பண்றதுக்கு? நேத்தே காலியாயிட்ச்சு" என்றாள். அன்று சாயந்தரம் அப்பா மறக்காமல் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார்.

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான். மற்றபடி அந்த நாற்காலியில் நான் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். ரேடியேட்டரைத் திறந்தால் இன்ஜின் குளிரும், விமானம் வேகம் குறையும். மூடினால் வேகம் வரும், இன்ஜின் கொதிக்கும். பின்னால் எதிரி துரத்தும்போது அண்ணன் "மூடு, மூடு!" என்பான். முள் சிவப்புக் கோட்டை நெருங்கும். எனக்கு மனசு கேட்காது, அவனுக்குத் தெரியாமல் ஒரு தட்டுத் திறந்துவிடுவேன். நாங்கள் சுடப்பட்டு விழுவோம். "இன்னாடி பண்ண?" என்று தலையில் குட்டுவான். குட்டு வலித்தாலும் இன்ஜின் வேகாமல் நாங்கள் செத்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளை நான்.

எல்லாவற்றையும்விட அவன் கண்டிப்பாக இருந்தது கிளம்புவதற்கு முன்பு. இன்ஜினைக் கிளப்பியதும் ரேடியேட்டரை முழுக்க மூடி வைக்க வேண்டும். ஆயில் நாற்பது டிகிரிக்கு வரும்வரை நகரக் கூடாது. குளிர்ந்த இன்ஜினை விரட்டினால் மேலே போனதும் நின்றுவிடும். ஒரு தடவை நின்றது. கடலில் விழுந்தோம். அதிலிருந்து நான் நாற்பது வரும்வரை வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். "ஆயில் நாற்பதுக்கு வரட்டும்" என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கச் சொல்லாகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப அம்மா அவசரப்படுத்தினாலும் அதைத்தான் சொல்வேன்.

பயம் மெல்ல மெல்ல வெளியிலும் வந்துவிட்டது. பஸ்ஸில் போனால் டிரைவர் கியர் மாற்றாமல் இழுக்கும்போது எனக்குப் பல் கூசும். அம்மா மிக்சியை விடாமல் ஓட்டினால் போய் ஆஃப் செய்வேன். எங்கள் வயலில் ஒரு ஆயில் இன்ஜின் இருந்தது. அதைப் பற்றி ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேன்.

"நம்ப இன்ஜினுக்கும் நாப்பது வரணுமாண்ணா?"

அவன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "எல்லா இன்ஜினும் ஒண்ணுதாண்டி" என்றான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. நட்டு இருபது நாள்கூட ஆகாத சம்பா நாற்று தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. மூன்று நாளைக்குமேல் தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும். கரண்ட் கம்பம் இரண்டு சாய்ந்து கிடந்ததால் மோட்டார் ஓடாது. ஆயில் இன்ஜினை வரப்பில் வைத்து, வயலின் தண்ணீரை வாய்க்காலுக்கு இறைப்பது ஒன்றுதான் வழி. அப்பா சாப்பாட்டை மறந்து வயலிலேயே கிடந்தார்.

இன்ஜினை ஓட்டியது காலனியிலிருந்து எங்கள் வயலுக்கு வேலைக்கு வருகிறவர். அவர் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் 'அவன்'தான். நாற்பது வயது மனிதரை நான் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைப் பாப்பா என்பார். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டு ஆயில் இன்ஜின் மக்கர் செய்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஹேண்டிலைப் போட்டு நாலு சுற்று சுற்றினாரென்றால் அது மறுபேச்சு பேசாமல் கிளம்பும்.

அந்த இன்ஜினில் ஒரு சங்கதி உண்டு. பம்பு இழுக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஒரு மெல்லிய டியூப் வழியாக இன்ஜினுக்குள் போய், அதன் சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு டியூப் வழியாக வெளியே ஒழுகும். கூலிங் தண்ணி என்பார்கள். உள்ளே போகிற வழியில் ஒரு சின்னப் பித்தளை டேப். கிளப்பும்போது காற்றுப் பிடிக்காமல் இருக்க அதை மூடி வைப்பார்கள். பம்பு தண்ணீர் எடுத்ததும் திறந்துவிட வேண்டும். மறந்தால் இன்ஜின் வெந்துவிடும்.

மழை விட்ட ஒரு காலை. பள்ளிக்கூடம் லீவு. அப்பா டீசல் வாங்க வில்லியனூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீ போயி இன்ஜின்கிட்ட குந்து. எம் பொண்ணு ஏரோப்ளேன் இன்ஜினையே பாத்துக்குது, இத்த பாத்துக்காதா?" என்று பக்கத்து வயல்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா என்னைப் பற்றி இன்னொருவரிடம் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரை மெக்கானிக்கைப் பற்றி யாரும் சொல்லி வைக்கவில்லை.

அவர் இன்ஜினைக் கிளப்பினார். பம்பு தண்ணீர் கக்கியது. குனிந்து பித்தளை டேப்பைத் திறந்தார். வெளி டியூப்பிலிருந்து தண்ணீர் ஒழுகுவதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நான் அதைப் பார்த்தேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அதே நேரம் கீழ்க்கோடி வரப்பு உடைத்துக்கொண்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பாப்பா, சத்தம் மாறுனா ஒரு கொரல் குடு. எதையும் தொடாத."

நான் உட்கார்ந்தேன். வெளி டியூப்பில் விரலை வைத்தேன். ஜில்லென்றது. மழைத் தண்ணீர். இப்போதுதான் கிளம்பிய இன்ஜின், அதற்குள் இவ்வளவு குளிர்ந்த தண்ணீர் போகிறது. எனக்குப் பதறியது. கேமில் நாங்கள் கடலில் விழுந்தது கண்ணுக்குள் வந்தது. நம்பினால் நம்புங்கள், விளையாட்டுக்காக நான் அதைத் தொடவில்லை. இன்ஜின் நின்றுவிடுமோ, பயிர் போய்விடுமோ, அப்பா சொன்ன பெருமை பொய்யாகிவிடுமோ என்கிற பயத்தில்தான் அந்த டேப்பை மூடினேன். நாற்பது வந்ததும் திறந்துவிடலாம் என்று.

இந்த இன்ஜினில் முள் கிடையாது. இன்ஜின் உடம்பைத் தொடக் கூடாது, தோல் உரிந்துவிடும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால் வெளி டியூப்பையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். அது குளிர்ச்சியாகவே இருந்தது. இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி எண்ணினேன். தொட்டேன். குளிர்ச்சிதான். உள்ளே தண்ணீரே போகாதபோது வெளியே வெந்நீர் எப்படி வரும்? பதினொரு வயதுக்கு அது தோன்றவில்லை. பெயிண்ட் கருகும் வாசனை வந்தது. சத்தம் கம்மியது. குளிர்ந்த இன்ஜின் இருமும் என்று அண்ணன் சொல்லியிருந்தான், அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். கடக் என்று ஒரு சத்தம் கேட்டு எல்லாம் நின்றது. அப்போதும் என் கை அந்த டியூப்பில்தான் இருந்தது.

சத்தம் நின்றதைக் கேட்டு அவர் சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். நேராகக் குனிந்து டேப்பைத்தான் பார்த்தார். மூடியிருந்தது.

"நீ எதனா தொட்டியா பாப்பா?"

"இல்ல."

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. டேப்பைப் பார்த்தபடி, "தொறக்காமயா பூட்டேன்?" என்றார். என்னிடம் அல்ல, அவரிடமே கேட்டுக்கொண்டார். தினமும் செய்கிற காரியம். இன்றைக்குச் செய்தோமா என்று நமக்கே நினைவிருக்கிறதா? கேஸை மூடினோமா, வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நிற்பதில்லையா? அவர் அந்த மாதிரி நின்றார்.

அப்பா வந்தார். "நேத்து ஊத்துன சாராயம் இன்னும் எறங்கலயாடா?" என்று ஆரம்பித்தவர் ஊரே கேட்கும்படி கத்தினார். இன்ஜின் ஓட்டியவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குடிப்பார், அன்று வியாழக்கிழமை. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்து, "கூலிங் தண்ணி இல்லாம ஓடிக்குது, பிஸ்டன் புட்ச்சிக்கிச்சி" என்றார். வேறு இன்ஜின் கிடைப்பதற்குள் பாதிப் பயிர் அழுகிவிட்டது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அப்பா அவரிடம் சொல்லிவிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் ஐயா" என்றார்.

அந்தத் "தப்புதான்" எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. அண்ணனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

"வாய மூடினு இரு. சொன்னன்னு வெய்யி, கம்ப்யூட்டர தூக்கிக் கடாசிடுவாங்க."

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் மத்தியானம் அப்பாவும் பெரியப்பாவும் அண்ணனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி சொன்னேன்.

"டேப்ப மூடுனது நாந்தான்பா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா சிரித்தார். "பாவம் பாத்து அவன காப்பாத்துதுடா கொழந்த" என்றார்.

"இல்ல பெரீப்பா. ஆயில் நாப்பதுக்கு வரணும். அதுக்குத்தான் ரேடியேட்டர மூடுனேன். அப்பறம் தொறக்கலாம்னு..."

"இன்னா ரேடியேட்டரு? அதுல எங்க இருக்குது ரேடியேட்டரு?" என்றார் அப்பா. நான் விவரமாகச் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் சிரிப்புதான் கூடியது. அன்றைக்கு "இல்ல" என்று ஒரு வார்த்தை பொய் சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். இப்போது உண்மையை எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் யாருக்கும் ஏறவில்லை. அப்பா கடைசியில் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா, உங்க கேம்ல அப்டி எதனா மூடச் சொல்லுதா?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் அவன் வாயையே பார்த்தேன்.

"அப்டிலாம் ஒண்ணும் இல்ல சித்தப்பா. அதுல சும்மா சுடுறதுதான்."

"அதான பாத்தேன்" என்று அப்பா சாப்பாட்டைத் தொடர்ந்தார். அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். இப்போது யோசித்தால் அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தப்பு யார்மேல் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. முடிந்துபோன ஒன்றைத் திறக்க யாருக்கும் அவசியம் இல்லை, ஏனென்றால் அது எங்கள் வீட்டு ஆள்மேல் விழவில்லை.

அதற்கப்புறம் ஊரில் அநேகமாக வேறு யாரும் அவரை இன்ஜினுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்களிடமும் அவரே போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சொல்லாமல் காலனிக்குப் போனேன். அரை மைல் தூரம்தான், அதுவரை ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை. அவர் வாசலில் குந்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனால் குடித்திருக்கவில்லை. அவர் மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டேப்ப மூடுனது நான்" என்றேன்.

அவர் மெதுவாக எழுந்தார். "நான் தொறந்துனா போனேன்?"

"தொறந்துட்டுத்தான் போன. தண்ணி வந்துது. நான் பாத்தேன்."

"வெந்நியா வந்துதா, பச்சத் தண்ணியா?"

"பச்சத் தண்ணி. ஜில்லுனு. நீ வெரல வெச்சுப் பாத்த. அப்பறம் கீழ்க்கோடிக்கு ஓடுன. அதுக்கு அப்பறம்தான் மூடுனேன்."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். "கேட்டியாடி? நான் தொறந்துனுதான் போயிக்கிறேன்" என்றார் மனைவியிடம். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த அம்மா மீன்கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பத்து நாளா நானும் சேந்துல்ல இந்த மனுசன திட்னுகிறேன். உங்க வூட்ல சொன்னியா?"

"சொன்னேன். நம்பல."

"நம்ப மாட்டாங்க" என்றார் அந்த அம்மா. கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவரோ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏன் மூடினாய் என்றுகூடக் கேட்கவில்லை. "வூட்ல தேடுவாங்க, போ பாப்பா" என்று தெருமுனை வரை வந்து அனுப்பினார்.

அண்ணன் இப்போது வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். போனில் இதைப் பற்றி ஒரு முறை எடுத்தேன். "அத்த இன்னுமா வெச்சினுகிற?" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினான். அப்பா இறக்கும்வரை என்னை நம்பவில்லை. நானும் ஒரு கட்டத்துக்குமேல் சொல்வதை விட்டுவிட்டேன்.

சில வருஷம் முன்பு சேதராப்பட்டுப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் உடுப்பில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. நான்தான் போய் என்னைச் சொன்னேன். "பாப்பாவா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஷிப்ட்டு முடிகிற நேரம், டீ சாப்பிடலாம் என்றார். பக்கத்துச் சின்ன கேட்டைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். என்னுடன் நாலடி நடந்தவர், "இரு, தோ வந்துட்டேன்" என்று திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்த்தார். ரோட்டைத் தாண்டும் இடம்வரை வந்துவிட்டு இன்னொரு முறை திரும்பினார்.

"பூட்டிட்டீங்கண்ணா. நான் பாத்தேன்" என்றேன்.

"தெரியுது பாப்பா. அன்னிக்கும் நீ வந்து சொன்ன. சொன்னதுல மனசு ஆறிப்போச்சு. கைக்குத்தான் நம்பிக்க வரல."

சொல்லிவிட்டுப் போனார். பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவர் திரும்பி வரும்வரை நான் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.